ஐந்து வருடச் சேமிப்பு: டெபாசிட்டா, கடன் பத்திர ஃபண்டா, இண்டெக்ஸ் ஃபண்டா?

ஆறு மாதத்தில் வேண்டிய பணத்துக்குச் சேமிப்புக் கணக்கு, முப்பது வருடம் கழித்து வேண்டியதற்குப் பங்குகள். இதில் பெரிய விவாதம் இல்லை. மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்குள் தேவைப்படும் பணம்தான் குழப்பும்: வீட்டுக்கு முன்பணம், மேற்படிப்பு, தொழில் முதலீடு. என் ஓட்டு பெரும்பாலும் ஃபிக்சட் டெபாசிட்டுக்கே. ‘இளம் வயசுதானே, ரிஸ்க் எடுக்கலாம்’ என்பவர்கள் வயதைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பணம் தேவைப்படும் தேதியை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 100 வீதம் ஐந்து வருடத்தில் போடுவது 6,000. ஆண்டுக்கு 4% கிடைத்தால் அது சுமார் 6,630 ஆகும். 8% கிடைத்தால் சுமார் 7,350. வட்டி இரு மடங்கானாலும் கையில் வருவது 11% தான் கூடுகிறது. முதல் தவணை மட்டுமே முழு ஐந்து வருடமும் வளர்கிறது, கடைசித் தவணைக்கு ஒரு மாதம்தான். சராசரியாக ஒரு தவணைக்குக் கிடைப்பது இரண்டரை வருடம். மாதம் 100-க்குப் பதில் 111 போட்டால் 4%-லேயே அந்த 7,350 வந்துவிடும். ஆனால் அந்த 8%-க்காகப் பங்குகளில் போட்டு, கடைசி மாதத்தில் சந்தை 20% சரிந்தால் 7,350 என்பது 5,880 ஆகிவிடும். போட்ட பணமே முழுசாகத் திரும்பாது.

தவணையாக வாங்கினால் ஆபத்து குறையும் என்பது பாதி உண்மை. வாங்குவது அறுபது மாதங்களில் அறுபது தடவை, விற்பதோ ஒரே நாளில். அமெரிக்காவின் பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான எஸ் அண்ட் பி 500, 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் பாதிக்கும் மேல் விழுந்தது. பழைய உச்சத்தைத் தொட 2013 ஆகிவிட்டது. தேதியை மூன்று நான்கு வருடம் தள்ளிப்போட முடிகிறவர் மூன்றில் ஒரு பகுதியை, பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் வைக்கலாம். அதையும் கடைசி இரண்டு வருடத்தில் படிப்படியாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

அரசும் நிறுவனங்களும் வெளியிடும் கடன் பத்திரங்களை வாங்குவது கடன் பத்திர ஃபண்ட். அதில் பார்க்க வேண்டிய எண் ‘டியூரேஷன்’: வட்டி விகிதம் மாறினால் ஃபண்டின் மதிப்பு எவ்வளவு ஆடும் என்பதை வருடக் கணக்கில் காட்டுவது. அது 6 என்றால், வட்டி விகிதம் 1% ஏறும்போது ஃபண்டின் மதிப்பு ஏறத்தாழ 6% இறங்கும். 2022-இல் வட்டி விகிதங்கள் வேகமாக ஏறியபோது, அமெரிக்கக் கடன் பத்திரங்களின் முக்கியக் குறியீடே சுமார் 13% இழந்தது. சாதாரண ஃபண்டுக்கு முதிர்வு நாள் கிடையாது. உங்கள் தேதி நெருங்கினாலும் டியூரேஷன் அப்படியே நிற்கும். டியூரேஷன் மிச்சமுள்ள வருடங்களைத் தாண்டக் கூடாது. குறிப்பிட்ட ஆண்டில் முதிரும் ஃபண்டுகள் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். டெபாசிட்டுக்குச் சரியான போட்டி அவைதான்.

டெபாசிட் என்றாலும் மொத்தத்தையும் ஒரே ரசீதில் போடாதீர்கள். முதல் வருடச் சேமிப்பை நான்கு வருடத்துக்கு, இரண்டாம் வருடத்தை மூன்றுக்கு என, எல்லாமே ஒரே தேதியில் முதிரும்படி அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று ரசீதுகளாகப் பிரித்தால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முறித்தால் போதும். முன்கூட்டியே முறிப்பதற்கான வட்டிக் குறைப்பு அதோடு நிற்கும். மாதாமாதம் வட்டி வாங்கினால் அது செலவாகிவிடும், கூட்டு வட்டியும் கிடைக்காது. அசலோடு சேரும் வகையே நல்லது. வங்கி திவாலானாலும் டெபாசிட் திரும்பக் கிடைக்க உறுதி தரும் வைப்புக் காப்பீட்டின் வரம்பைத் தாண்டினால் மீதியை இன்னொரு வங்கியில் போடுங்கள்.

வரி போக மிஞ்சும் வட்டி, விலைவாசி ஏற்றத்தைவிட வருடத்துக்கு மூன்று நான்கு சதவீதம் பின்தங்கும் இடத்தில் என் வாதம் பலவீனமாகும். பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும் அரசுப் பத்திரம் கிடைத்தால், அங்கே அதையே முதலில் பார்ப்பேன்.

அதிகம் பேர் சறுக்குவது முதிர்வு நாளில். ‘தானாகப் புதுப்பிக்கவும்’ என்ற கட்டத்தில் டிக் இருந்தால் பணம் இன்னொரு டெபாசிட் காலத்துக்குப் பூட்டிக்கொள்ளும், எடுக்கப் போனால் அபராதம். ரசீது போடும் அன்றே ‘முதிர்ந்ததும் கணக்கில் வரவு’ என்று மாற்றிவிடுங்கள்.