பின்வழியா, தொடைத் தசையா?

புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவையோ கதிர்வீச்சோ முடிந்தபின், சிலருக்கு மலக்குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிடும். சிறுநீரோடு காற்று குமிழ்விட்டு வரும்; ஆசனவாய் வழியே சிறுநீர் கசியும். அடைக்க இரண்டு வழிகள் அதிகம் பேசப்படுகின்றன.

யார்க் மேசன் முறையில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, ஆசனவாயின் சுருக்குத் தசையையே பின்பக்கமாக வெட்டித் திறக்கிறார்கள். கேட்கவே பகீரென்று இருக்கும். ஆனால் ஓட்டை நேராகக் கண்ணுக்குத் தெரியும். வெட்டிய தசை அடுக்குகளின் இரு விளிம்பிலும் நூலால் அடையாளம் கட்டி, அதே வரிசையில் திரும்பத் தைப்பதால் மலக்கட்டுப்பாடு பெரும்பாலும் போவதில்லை.

மற்றது, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையில் கீறி உள்ளே போவது. இருபக்க ஓட்டையையும் தனித்தனியாக மூடிவிட்டு, உள்தொடையின் கிராசிலிஸ் தசையை அதன் ரத்தக்குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து நடுவில் வைப்பார்கள். அந்தத் தசை இடம் மாறினாலும் நடையில் பெரிதாகத் தெரியாது. தொடையில் ஒரு தழும்பு, கொஞ்ச நாள் வலி.

அறுவையால் வந்த சின்ன ஓட்டை என்றால் யார்க் மேசன் முறையே போதும் என்பேன். கதிர்வீச்சு பட்ட இடம் வேறு கதை. அங்கே ரத்த ஓட்டம் குறைந்து திசு விறைத்துக் கிடக்கும், தையல் எளிதில் கூடாது. நல்ல ரத்தத்தோடு வெளியிலிருந்து வரும் தசைதான் கைகொடுக்கும். ஓட்டை பெரிதானால் சிறுநீர்ப் பாதையில் கன்னத்தின் உட்தோலை ஒட்டுப்போடுவதும் உண்டு.

அப்புறம், கதிர்வீச்சு பட்டவர்களுக்கு முன்கூட்டியே வயிற்றுக்கு வெளியே பை வைத்து மலத்தை அதில் திருப்பிவிடுவது வழக்கம். சிறுநீர்ப்பையே சுருங்கிப் பழுதாகியிருந்தால், ஓட்டையை மட்டும் அடைத்துப் பெரிய பலனில்லை.