மரவேலைக்கு முதல் சி.என்.சி.: எதை வாங்கலாம்?

மரவேலையில் ஓரளவு கை பழகியதும் பலருக்கு, கணினி சொல்லும் பாதையில் கட்டரை (சுழலும் வெட்டுமுனை) நகர்த்தி மரத்தைக் குடையும் சி.என்.சி. ரவுட்டர் மேல் ஆசை வந்துவிடுகிறது. விசாரிக்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது பெட் (மரத்தை வைக்கும் மேடை) அளவைத்தான். இரண்டுக்கு இரண்டடியா, நாலுக்கு இரண்டடியா என்று. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி இரண்டாவதாக வரட்டும். கட்டர் மரத்தைக் கடிக்கும்போது மெஷின் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி அதற்காகத்தான்.

ஒரே வேலையை வைத்து எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தேக்கில் ஒரு பல்லாங்குழிப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 குழி, ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம், நடுவில் ஒன்றரை செ.மீ. ஆழம். ஒரு குழிக்கு ஏறக்குறைய 16.5 கன செ.மீ. மரத்தை வெளியே எடுக்க வேண்டும். பதினாலுக்கும் சேர்த்து 230 கன செ.மீ.

விலை குறைவு என்பதால் பலர் கண்ணில் முதலில் படுவது 3018 என்ற சின்ன மெஷின். அளவே அதன் பெயர்: 300-க்கு 180 மி.மீ. மெல்லிய அலுமினியச் சட்டம், டி8 லீட் ஸ்க்ரூ (சுழன்று அச்சை நகர்த்தும் திருகுத் தண்டு), 775 என்ற சின்ன டி.சி. மோட்டார். ஏழு குழி கொண்ட ஒரு வரிசையே 35 செ.மீ.யைத் தாண்டும். ஆகவே பலகையைப் பாதியில் நகர்த்தி வைத்து, மறுபடி சரியாகப் பொருத்தித்தான் குடைய வேண்டும். சரி, நகர்த்தியே செய்வோம் என்றாலும் நேரம் இடிக்கிறது. 3 மி.மீ. கட்டர், 1 மி.மீ. ஆழம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 1.5 மி.மீ. பக்கவாட்டு நகர்வு, நிமிடத்துக்கு 600 மி.மீ. வேகம் என்று கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 0.9 கன செ.மீ. மரம்தான் வெளியேறும். கரடுமுரடாகக் குடைந்து எடுக்கவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேக்கில் இந்த வேகமே அதற்கு அதிகம் என்று சொல்வேன்.

கொஞ்சம் உறுதியான சட்டத்தில், 6 மி.மீ. கட்டர் மாட்டிய டிரிம் ரவுட்டரை (கையில் பிடித்து ஓட்டும் சின்ன ரவுட்டர்தான்) வைத்து, 3 மி.மீ. ஆழத்திலும் 3 மி.மீ. நகர்விலும் நிமிடத்துக்கு 2000 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் அதே மரம் கால் மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். இருபது மடங்கு வித்தியாசம்.

இதில் நேரம் மட்டும் மிச்சமாவதில்லை. மெஷின் தாங்காது என்று நகரும் வேகத்தைக் குறைத்தால் மரம் கருகும். மகிட்டாவின் சின்ன ரவுட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சமே நிமிடத்துக்கு 10,000 சுற்று. 18,000 சுற்றில் இரண்டு பல் கொண்ட கட்டரை 1800 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால் ஒரு பல் எடுப்பது 0.05 மி.மீ. சீவல். வேகத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் பல் மரத்தை வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கிறது. வெட்டும் சூட்டை வெளியே எடுத்துப் போவது சீவல்தான். அது மாவு மாதிரி தூளாக வந்தால் சூடு கட்டரிலேயே தங்கிவிடும். தேக்கில் சிலிக்கா வேறு இருப்பதால் முனை சீக்கிரம் மழுங்கும். ஓரங்களில் கறுப்புக் கோடு விழும்.

ஆகவே 3018 வேண்டாமா? பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை) கீறுவதற்கும், சின்னப் பெயர்ப்பலகைக்கும், ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளை மொழி) பழகுவதற்கும் தாராளமாக வாங்கலாம். மரவேலையை மனதில் வைத்திருப்பவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது பெல்ட்டில் ஓடும் ரகம். பழைய ஷேப்போக்கோ, எக்ஸ்-கார்வ் எல்லாம் இந்த வழி. வேகமாக ஓடும், தூசியைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, தேய்ந்தால் பெல்ட்டை மாற்றுவது சுலபம். பிளைவுட், எம்.டி.எஃப்., எழுத்து வேலைக்கெல்லாம் போதும். ஆனால் அழுத்தம் ஏறும்போது பெல்ட் நீளும். இழுவிசையை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஷேப்போக்கோவைத் தயாரிக்கும் கார்பைட் 3டி நிறுவனமே 5 ப்ரோ மாடலில் பால் ஸ்க்ரூவுக்கு (உள்ளே குண்டுகள் உருளும் திருகுத் தண்டு) மாறிவிட்டது.

ஸ்க்ரூ ரகத்தில் கனடாவின் லாங்மில் லீட் ஸ்க்ரூவிலும், ஒன்ஃபினிட்டி பால் ஸ்க்ரூவிலும் ஓடுகின்றன. வீட்டுப் பட்டறைக்கு எனக்குப் பிடித்த ரகம் இதுதான். இந்தியாவுக்கு வரவழைத்தால் கப்பல் கூலி, சுங்கம், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து விலை எகிறும். அங்கே விற்கும் ரவுட்டர்கள் 120 வோல்ட்டுக்கானவை என்பதால் ரவுட்டரை மட்டும் இங்கேயே 230 வோல்ட்டில் வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் 3டி பிரிண்டர் இருந்தால் எம்.பி.சி.என்.சி. என்ற மெஷினைக் குழாயும் அச்சடித்த பாகங்களும் வைத்து நாமே கட்டலாம். மெஷின் கட்டுவதே பொழுதுபோக்கு என்பவர்களுக்கு அது.

உள்ளூரில் செய்து தரும் மெஷின்களைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பூஜை அறைக் கதவும் ஜாலி என்ற துளைவேலைப் பலகையும் வெட்டும் கடைகளுக்குச் செய்பவர்களிடம் கேட்டால் இரண்டடிக்கு இரண்டடியிலும் செய்து தருவார்கள். இரும்புச் சட்டம், லீனியர் ரெயில், 1605 பால் ஸ்க்ரூ, 1.5 கிலோவாட் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) என்று கேளுங்கள். கனமாக இருக்கும், மாடிக்கு ஏற்ற நாலு பேர் வேண்டும். ஆனால் கோளாறு என்றால் ஆள் வருவார். அந்த ஒரு காரணத்துக்காகவே தனி இடம் உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அடுக்ககத்தில் இருப்பவர்கள் சத்தத்தையும் யோசிக்க வேண்டும்: ரவுட்டர் அலறும், தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டில் எவ்வளவோ அமைதி.

எந்த ரகமானாலும் லிமிட் சுவிட்ச் (அச்சின் எல்லையை உணரும் சுவிட்ச்) இல்லாமல் வாங்காதீர்கள். வேலை நடுவில் கரண்ட் போனால் ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தான் எங்கே இருந்தோம் என்பது மறந்துவிடும். ஹோமிங் (அந்தச் சுவிட்சைத் தொட்டுத் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிப்பது) இருந்தால் பழைய புள்ளிக்குத் திரும்பி விட்ட இடத்தில் தொடரலாம். இல்லையென்றால் பலகை வீண். வாக்குவம் கிளீனருக்கும் நல்ல முகக்கவசத்துக்கும் ஆரம்பத்திலேயே பணம் ஒதுக்குங்கள், எம்.டி.எஃப். தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம், தமிழ் எழுத்து செதுக்குபவர்களுக்கு ஒன்று: படத்தைக் கட்டர் பாதையாக மாற்றும் பல கேம் (CAM) மென்பொருள்களில் தமிழை நேரடியாகத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பாதையாக மாற்றி, எஸ்.வி.ஜி. கோப்பாகக் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை.

பணம் கொடுக்கும் முன் விற்பவர் கண்முன்னே 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தையும், அதே அளவுச் சதுரத்தையும் பிளைவுட்டில் வெட்டச் சொல்லுங்கள். வட்டத்தை வெர்னியரால் நாலு திசையில் அளந்து பாருங்கள். அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் தட்டையாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தட்டை இருந்தால் ஸ்க்ரூவில் ஆட்டம் இருக்கிறது. சதுரத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துப்போக வேண்டும். 0.2 மி.மீ. வித்தியாசம் என்றால் சரிசெய்து தரச் சொல்லி வாங்கலாம். அரை மி.மீ.யைத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள்.