ஒரே மைட்டோகாண்ட்ரியா, நான்கு மைக்ரோஸ்கோப்புகள்

செல்லைப் பார்க்க எந்த மைக்ரோஸ்கோப் நல்லது என்று யோசிக்கும்போது பலரும் முதலில் தேடுவது உருப்பெருக்கத்தைத்தான். 400 மடங்கா, 1000 மடங்கா, ஒரு லட்சம் மடங்கா? நான் முதலில் கேட்பது வேறு: பார்க்கும்போது செல் உயிரோடு இருக்க வேண்டுமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் சிறிய உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை வைத்தே ஒப்பிட்டுப் பார்ப்போம். பாடப்புத்தகப் படத்தில் அது அவரை விதை மாதிரி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். ஆனால் 1898-இல் கார்ல் பெண்டா இந்தப் பெயரை வைத்தபோது சேர்த்தவை நூல், மணி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்கள். அப்படியானால் அது நூலா, விதையா? எந்தக் கருவியில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப். மைட்டோகாண்ட்ரியாவின் தடிமன் ஏறக்குறைய அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் சொன்ன கணக்கின்படி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கொண்டு சுமார் 0.2 மைக்ரான் வரை பிரித்துப் பார்க்க முடியும். அளவு போதும், ஆனாலும் கண்ணில் படாது. தண்ணீருக்குள் போட்ட கண்ணாடித் துண்டைப் போல, அதற்கு நிறமே இல்லை. சாயம் வேண்டும்.

வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஸ்லைடில் விரித்து, நீர்த்த ஜேனஸ் க்ரீன் பி சாயம் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். 40 மடங்கு லென்ஸில் நல்ல இடமாகத் தேடி, எண்ணெய்ச் சொட்டு வைத்து 100 மடங்கு லென்ஸுக்கு மாறினால், நீலப்பச்சைப் புள்ளிகள் தெரியும். மற்ற இடங்களில் சாயம் நிறமிழந்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள நொதி ஆக்சிஜனேற்றம் செய்துகொண்டே இருப்பதால் அங்கே மட்டும் நிறம் நிற்கிறது. உயிரோடு இருக்கும்போதே ஏறும் சாயம் இது. ஆனால் நேரம் போகப் போக இதுவும் செல்லுக்கு நஞ்சுதான்.

மைக்ரோஸ்கோப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. லென்ஸின் பக்கவாட்டில் 0.65, 1.25 என்று ஓர் எண் பொறித்திருக்கும். நுணுக்கத்தைத் தீர்மானிப்பது அந்த எண்தான். கண்ணருகு லென்ஸை மட்டும் 10-இலிருந்து 20-க்கு மாற்றினால், மங்கல் இன்னும் பெரிதாகத் தெரியுமே தவிரப் புதிதாக ஒன்றும் தெரியாது.

அடுத்தது ஃபேஸ் கான்ட்ராஸ்ட். ஒளி செல்லின் ஒவ்வொரு பகுதி வழியாகவும் வெவ்வேறு அளவு தாமதமாகிறது. கண் அதை உணராது. அந்தத் தாமதத்தை இருட்டும் வெளிச்சமுமாக மாற்றிக் காட்டும் வழியை டச்சு இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் செர்னிகே கண்டுபிடித்தார். 1932-இல் ஜெர்மனியின் ஜெனாவில் உள்ள சைஸ் மைக்ரோஸ்கோப் தொழிற்சாலைக்கு அவர் இதை எடுத்துப் போனபோது, இதில் பயன் இருந்திருந்தால் நாங்களே எப்போதோ கண்டுபிடித்திருப்போமே என்றாராம் அங்கிருந்த மூத்த விஞ்ஞானி ஒருவர். செர்னிகேவுக்கு 1953-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் சாயமே வேண்டாம். வளர்ப்புத் தட்டில் பரவிக் கிடக்கும் செல்களை அப்படியே வைத்துப் பார்த்தால், மைட்டோகாண்ட்ரியா கறுத்த நூல்களாக நெளிவதும், ஒன்றோடொன்று ஒட்டுவதும், பிரிவதும் தெரியும். அவரை விதை எங்கும் இல்லை! எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. விளிம்பைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் விழும், தடிமனான திசுவுக்கு உதவாது. இந்த இரண்டு குறைகளையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஃப்ளோரசன்ஸ் முறையில் மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் ஒளிரும் சாயத்தையோ, ஜெல்லிமீனிலிருந்து வந்த பச்சைப் புரதத்தையோ ஏற்றுகிறோம். கறுப்புப் பின்னணியில் அந்த வலைப்பின்னல் மட்டும் மின்னும். கான்ஃபோகல் வகையில், குவியத்துக்கு வெளியே இருந்து வரும் ஒளியை ஊசித்துளை ஒன்று தடுத்துவிடுவதால், தடித்த செல்லையும் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். ஆனால் சாயம் ஏறாதது எதுவும் இல்லாதது போலவே தோன்றும். இன்னொன்று, வெளிச்சத்தை அதிகமாகக் கூட்டினால் செல் அடிபடும். நூல்கள் துண்டு துண்டாகி மணிகளாகிவிடும். செல்லின் இயல்பே அது என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, அந்த உள் மடிப்புகள்? அங்கேதான் ஊடுருவும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். ருஸ்காவும் நோலும் 1931-இல் தொடங்கி வைத்தது. எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. சுமார் 25 நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர்) அளவுள்ள, புரதம் தயாரிக்கும் துகளான ரைபோசோம்கூடத் தெரியும். மைட்டோகாண்ட்ரியாவின் இரட்டைச் சவ்வையும் உள்மடிப்புகளையும் 1950-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பாலடே போன்றவர்கள் கண்டது இதில்தான்.

ஆனால் இதற்குக் கொடுக்கும் விலை பெரிது. குளூட்டரால்டிஹைடில் செல்லைக் கொன்று நிலைநிறுத்தி, எலக்ட்ரானில் கறுப்பாகத் தெரிய ஆஸ்மியம் என்ற கன உலோகச் சேர்மத்தை ஏற்றி, நீரை எடுத்து, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் சுமார் 70 நானோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும். 20 மைக்ரான் தடிமனுள்ள செல் ஒன்றிலிருந்து இப்படி ஏறக்குறைய 285 சீவல்கள் வரும். புடலங்காயை வட்ட வட்டமாக நறுக்கி வைத்திருக்கும் தட்டை மட்டும் பார்த்தவருக்கு, கொடியில் தொங்கும் காயின் நீளம் எப்படித் தெரியும்? குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் முட்டை வடிவம். அவரை விதை வந்தது இப்படித்தான் பெரும்பாலும்.

தயாரிப்பே ஏமாற்றுவதும் உண்டு. பாக்டீரியாவில் மீசோசோம் என்று ஒரு சவ்வு மடிப்பைப் பல ஆண்டுகள் உறுப்பாகவே நம்பினார்கள். ரசாயனங்களால் விளைந்த கோளாறு அது. மின்னல் வேகத்தில் உறையவைத்துப் பார்த்தபோது அது காணவில்லை. இப்படி உறையவைத்தே பார்க்கும் இன்றைய கிரையோ முறை இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கிறது. ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பின் படங்கள் அழகானவை, ஆனால் அது பெரும்பாலும் மேற்பரப்புக்கானது; நம் கேள்விக்கு அவ்வளவாக உதவாது.

கல்லூரி ஆய்வகத்துக்கு ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால், ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதியுள்ள ஒளி மைக்ரோஸ்கோப்பைத்தான் சொல்வேன். மடிப்புகளையோ ரைபோசோமையோ பார்க்க வேண்டியவர்கள், மாதிரியை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் உள்ள இடத்துக்கு அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் அதே செல்களை உயிரோடு ஒரு முறை பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீவல் படம் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டியிருக்கும்.