டர்பன் சாட்ஸ்வொர்த் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்: ஐந்துக்கு நான்கு

புரட்டாசி முடிந்த கையோடு டர்பனில் எங்களைப் போன்ற வீடுகளின் ஃப்ரீசர் நிரம்பிவிடும். எங்கள் வீட்டிலும் நாலு கிலோ ஆட்டுக்கறி, இரண்டு கோழி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மேலே கறி கல்லாக இருக்கிறது, கீழே பால் திரிந்துவிட்டது. ஃப்ரீசரின் பின்சுவர் வெள்ளை வெளேர் என்று பனி. உள்ளே ஃபேன் எதிலோ உரசிக் கரகர என்கிறது.

முதலில் வந்த மெக்கானிக் கதவைத் திறந்தார், மூடினார், "கேஸ் போச்சு, 1,800 ராண்ட்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, கறியை எல்லாம் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் ஃப்ரீசருக்கு மாற்றினேன். அவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போன் செய்தேன். வாசலில் பழைய ஃப்ரிட்ஜ்களை அடுக்கிவைத்திருக்கும் ஒற்றை ஷட்டர் கடை. போர்டுகூடக் கிடையாது.

வியாழக்கிழமை வருகிறேன் என்ற அங்கிள் சனிக்கிழமைதான் வந்தார். குறைத்த ஒரு மதிப்பெண்ணில் பாதி அதற்கு. ஆனால் வந்தபின் அவசரமே இல்லை. பர்ஸிலிருந்து பத்து ராண்ட் நோட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடி, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக இருந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் கதவு ரப்பர் கொஞ்சம் விட்டாலே ஐஸ் கட்டிவிடுமாம். அப்புறம் ஃப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே குளிர் தரும் குழாய்ச் சுருள், அதாவது காயில், முழுக்கப் பனி, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக. கேஸ் குறைந்திருந்தால் ஒரு ஓரத்தில் மட்டும் பனி பிடித்து மீதி வெறுமையாக இருக்கும், இது கேஸ் இல்லை என்றார். பனி அடைத்துக்கொண்டதால்தான் குளிர்காற்று கீழே இறங்கவில்லை.

எங்களுடையது பழைய மாடல். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டைமர் கம்ப்ரசரை நிறுத்தி, காயிலுக்கு அடியில் இருக்கும் ஹீட்டரை ஓட விடும். காயிலில் சூடேறியதும் பைமெட்டல் என்ற சூடறியும் சுவிட்ச் அந்த ஹீட்டரை அணைக்கும். இந்த மூன்றில் ஒன்று மக்கர் செய்தாலும் பனி உருகாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரில் மீட்டரை வைத்தார். 290 ஓம், பழுதில்லை. பைமெட்டலில் வைத்தபோது மீட்டர் அசையவே இல்லை. அதுதான் போச்சு என்று நான் நினைக்க, அவர் ஒரு டம்ளரும் ஐஸும் கேட்டார். அடுத்து, "உப்பு." அவருக்குத் தெரிந்த தமிழே பத்து வார்த்தை இருக்கும், அதில் இதுவும் ஒன்று! சாதாரணச் சூட்டில் பைமெட்டல் திறந்துதான் கிடக்கும், பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போனால்தான் சேரும், வெறும் ஐஸ் பற்றாது. உப்பைக் கலந்து பைமெட்டலை அதில் அமுக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்றது, மீட்டரும் கூவியது.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கரண்ட் கொடுத்து, ஸ்க்ரூடிரைவரால் டைமரை மெல்லத் திருகினார். கம்ப்ரசர் நின்றது. 'உஸ்ஸ்' என்ற சத்தத்தோடு பனி சொட்டத் தொடங்கியது. கையால் திருகினால் ஓடுகிறது, தானாக நகரவில்லை. டைமர்தான் பழுது.

லோட் ஷெடிங்கால் வந்ததா என்று கேட்டேன். கரண்ட் போனால் இந்த டைமரும் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும், இது வயசுக் கோளாறு என்றார். கரண்ட் திரும்பும்போது வரும் அடி எலக்ட்ரானிக் போர்டு வைத்த புது ஃப்ரிட்ஜ்களுக்குத்தான் ஆபத்தாம்.

டைமரும் கூலியும் சேர்த்து 650 ராண்ட். பில் கிடையாது. மூன்று மாத உத்தரவாதம் வாய்மொழிதான். பின்பலகையில் ஒரு திருகாணியும் குறைகிறது, மீதி அரை மதிப்பெண் அதில் போயிற்று. மூன்று வாரமாகப் பனி கட்டவில்லை.

இவரைக் கூப்பிடுவதாக இருந்தால், வருவதற்கு முன் ஃப்ரிட்ஜை அணைத்து ஐஸை உருக்கிவிடாதீர்கள். பனி எங்கே, எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்.