வெள்ளத்துக்கு ஒன்று, திருடனுக்கு ஒன்று: வீட்டுக் காப்பீட்டில் எதை எடுப்பது?

2015 டிசம்பரில் எங்கள் சென்னைத் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் பிளைவுட் அலமாரிகள் ஊறி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தன. சமையலறைப் பிரிட்ஜ் மிதந்து வந்து கூடத்தில் சாய்ந்து கிடந்தது. காப்பீடு இருக்கிறதே என்ற தைரியத்தில் பாலிசியைப் பிரித்தேன். வீட்டுக்கடன் வாங்கிய அன்று, நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டபோது சேர்ந்து வந்த தாள் அது. கட்டடத்துக்கு மட்டும்தான். சுவருக்குக் காசு உண்டு, சுவருக்குள் இருந்ததற்கு இல்லை. அந்தக் காசிலும் முதல் உரிமை வங்கிக்கு.

கடனோடு வரும் பாலிசியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. பல நேரம் அது கடன் தொகை அளவுக்கே இருக்கும். சிலர் கையில் இருப்பது வீட்டுக் காப்பீடே அல்ல, கடனுக்கான ஆயுள் காப்பீடு, எடுத்துப் பார்த்துவிடுங்கள். உண்மையான போட்டி, வீட்டுக்கு நாமே தனியாக எடுக்கும் மற்ற இரண்டு பாலிசிகளுக்கும் இடையில்தான்.

முதலாவது, பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு அல்லாத) நிறுவனங்கள் ஒரே வாசகத்தில் விற்கத் தொடங்கிய பாலிசி. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் அடக்கம். தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வீடு நனைந்தாலும் கேட்கலாம். குளியலறைச் சுவரில் வருடக்கணக்கில் ஊறும் ஈரக்கசிவுக்குக் கேட்க முடியாது. கட்டடத்தோடு பொருட்களுக்கும் சேர்த்து எடுத்தால், பட்டியல் கொடுக்காமலே கட்டடத்துக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை பொருட்களுக்குக் கிடைக்கும். 2015இல் எனக்கு இல்லாமல் போனது இதுதான்.

தொகையைக் கணக்கிடும் இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வீடு 80 லட்சத்துக்கு விலை போகும் என்பதற்காக 80 லட்சத்துக்குக் காப்பீடு தேவையில்லை. மண்ணை வெள்ளம் கொண்டுபோவதில்லை. 1,000 சதுர அடி உட்பரப்பு, இன்றைய கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 22 லட்சம் போதும், பொருட்களுக்கு 4.4 லட்சம் தானாகச் சேரும். பழைய பாலிசிகளில் தொகையைக் குறைத்துப் போட்டிருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். பாதித் தொகைக்கு எடுத்தவருக்கு 2 லட்சம் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் வரும். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. என் கணக்கில் இதன் பெரிய பலம் இதுவே.

பலவீனம், திருட்டு. வெள்ளம் போன்ற விபத்தின் விளைவாக, அது நடந்த 7 நாட்களுக்குள் பொருள் களவு போனால் மட்டும் பணம் உண்டு. ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்தால் இந்த பாலிசி கைவிரித்துவிடும்.

அங்கே இரண்டாவது முந்துகிறது: குடும்பத் தொகுப்பு பாலிசி. தீ, வெள்ளத்தோடு கன்னக்களவு, நகை, வீட்டுச் சாதனங்களின் பழுது, நம்மால் பிறருக்கு நேரும் சேதம் என்று பகுதி பகுதியாக இருக்கும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். கன்னக்களவுப் பகுதியில் பெரும்பாலும் உடைத்து நுழைந்த அடையாளம் கேட்பார்கள். திறந்திருந்த கதவு வழியே வந்தவன் எடுத்துப்போனால் வாதாடவேண்டியிருக்கும். வேலைக்கு வருபவர் எடுத்தால் என்ன என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். முகவர்கள் ‘எல்லாம் கவர் ஆகும் சார்’ என்பார்கள். அந்த ‘எல்லா’த்தையும் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

தரைத்தளமோ, ஏரிக்கரையை ஒட்டிய பகுதியோ என்றால் நான் யோசிக்காமல் கிருஹ ரக்ஷாவைச் சொல்வேன். நகை வீட்டில் இருக்கிறது, மாதத்தில் பாதி நாள் வெளியூர் என்றால் தொகுப்பு. வாடகைக்கு இருப்பவர் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் எடுத்தால் போதும்.

நான் கிருஹ ரக்ஷாவை எடுத்துக்கொண்டு, கன்னக்களவுக்குத் தனியாக ஒரு பாலிசி சேர்த்திருக்கிறேன். பொருட்களுக்கான பில்கள் 2015இல் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்து கூழாகிப் போயின. இப்போது புதிய பில்கள் பரண்மேல்.