சவுண்ட்பாரின் முதல் எட்டு விநாடி

இந்தச் சவுண்ட்பாரின் விலை 4,999 ரூபாய்க்கு இறங்கியதிலிருந்து "இதை வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். இரண்டு ஆண்டு தினமும் ஓடிய பாரை வைத்து இதை எழுதுகிறேன். தனி சப்வூஃபர் இல்லாத ஒற்றைப் பெட்டி. அட்டையில் 2.1 (இடம், வலம், கூடவே பேஸ்), 100 வாட்ஸ். ஒலியை உள்ளே வாங்க எச்.டி.எம்.ஐ. கேபிள் வழி வரும் ஏ.ஆர்.சி., ஆப்டிக்கல், ஆக்ஸ், புளூடூத் நான்கும் உண்டு. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலையில் கிடைக்கும் பல பார்களுக்கு இதே நோய்தான்.

டி.வி.யை ஆன் செய்கிறோம். படம் உடனே வருகிறது. பார் விழித்துக்கொள்ள ஆறு முதல் எட்டு விநாடி ஆகிறது. அதற்குள் டி.வி. "வெளியே ஸ்பீக்கர் இல்லை" என்று முடிவு கட்டித் தன் சொந்த ஸ்பீக்கருக்கே போய்விடுகிறது. சில நாள் இரண்டிலுமே சத்தம் இருக்காது. பத்து முறை ஆன் செய்தால் இரண்டு மூன்று முறையாவது இப்படி ஆகும். இரண்டு ஆண்டில் இது தானாகக் கொஞ்சமும் குறையவில்லை.

காரணம் டி.வி.யையும் பாரையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. பிளக்கிலிருந்தே தொடங்குகிறது. அதில் 19 பின். 14-வது பின் வழியாக டி.வி.யின் ஒலி பாருக்குப் போகிறது, இதுதான் ஏ.ஆர்.சி. "எழுந்திரு", "சத்தத்தைக் கூட்டு" என்ற கட்டளைகள் 13-வது பின்னில் போகின்றன, இது சி.இ.சி. செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக், பார் எல்லாமே இந்த ஒரே கட்டளைப் பாதையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. வேகமும் மிகக் குறைவு, விநாடிக்குச் சுமார் 400 பிட். டி.வி. விழித்ததும் "ஆடியோ கருவி யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும். விலை குறைந்த பாரின் சிப் அப்போதுதான் கண் திறந்துகொண்டிருக்கும், பதில் சொல்லாது. இந்தக் கோளாறு ஸ்பீக்கரில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது. திருத்த அப்டேட் ஒன்று போதும். இரண்டு ஆண்டில் அந்த ஒன்றுகூட வரவில்லை என்பதில்தான் என் கோபம்.

சரிசெய்ய முதலில் கேபிளைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்புக்கு முந்தைய காலத்துக் கேபிளில் 14-வது பின்னுக்கு வேலை கிடையாது, சிலவற்றில் அதற்குக் கம்பியே இருக்காது. படத்துக்கு நன்றாக உழைத்தாலும் கம்பி இல்லாத அந்தக் கேபிள் ஏ.ஆர்.சி.க்கு உதவாது. ஒன்று, ஒன்றரை மீட்டர் ஹைஸ்பீட் கேபிள் போதும், நடுவில் ஸ்ப்ளிட்டர் எதுவும் வேண்டாம். டி.வி.யில் ஏ.ஆர்.சி. என்று அச்சிட்ட போர்ட்டில் மட்டும் சொருகுங்கள். பிறகு சி.இ.சி. ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.

அதற்குப் பிறகும் முரண்டு பிடித்தால் டி.வி., பார், செட்டாப் பாக்ஸ் மூன்றையும் சுவர் ஸ்விட்சில் அணைத்து, எச்.டி.எம்.ஐ. கேபிள்களையும் கழற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். முதலில் டி.வி.யும் பாரும் மட்டும் இணைந்து சத்தம் வரட்டும். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். ஃபயர் ஸ்டிக்கைச் சொருகியதும் தொல்லை திரும்பினால், அதன் செட்டிங்கில் மட்டும் சி.இ.சி.யை அணைத்துவிடலாம். டி.வி.யின் "குயிக் ஸ்டார்ட்" வசதியை அணைத்ததும் இந்தப் பாரில் பலன் தந்தது, டி.வி. மெதுவாக எழ, பாருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. தொல்லை பாதியாகக் குறைந்தது, அடியோடு போகவில்லை.

கரண்ட் போய் வரும் வீடுகளில் இன்னொரு வகைத் தொல்லை. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேரத்தை டி.வி. தாங்கிவிடுகிறது, பார் தாங்காமல் ஸ்டேண்ட்பைக்குப் போய்விடுகிறது. படம் ஓடும், சத்தம் இருக்காது. பாரைக் கையால் ஆன் செய்தால் புளூடூத்தில் போய் நிற்கும். டி.வி. செட்டிங்கில் ஒலி வெளியீட்டை "டி.வி. ஸ்பீக்கர்" என்று மாற்றி, மறுபடி ஏ.ஆர்.சி.க்குக் கொண்டுவந்தால் சரியாகும். நாலு மெனு தாண்டிச் செய்ய வேண்டிய இந்த வேலையை வீட்டுப் பெரியவர்களிடம் எப்படி எதிர்பார்ப்பது?

ஆப்டிக்கல் கேபிளுக்கு மாறினால் இந்தக் கேள்வி-பதில் எதுவுமே கிடையாது, ஒளி வந்தால் ஒலி வரும். முனையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுச் சொருகுங்கள், அதை மறந்துவிட்டு பார் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. டி.வி.யில் டிஜிட்டல் ஒலியை பி.சி.எம். (சுருக்காத சாதாரண ஒலி) என்று வையுங்கள். டால்பி டிகோடர் (டால்பி முறையில் சுருக்கிய ஒலியைப் பிரித்துப் படிக்கும் வசதி) இல்லாத பாருக்கு டால்பியை அனுப்பினால் ஒன்று மௌனம், இல்லாவிட்டால் கரகரப்பு. ஆனால் ஆப்டிக்கலில் பெரும்பாலும் டி.வி. ரிமோட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, இரண்டு ரிமோட் வேண்டியிருக்கும். டி.வி.யை இணைக்க புளூடூத்தைத் தொடவே வேண்டாம். உதடு ஒரு நேரம் அசையும், பேச்சு ஒரு நேரம் வரும்.

ஒலி விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். வசனம் தெளிவாக இருக்கிறது. இன்றைய மெல்லிய டி.வி.களில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும், பேச்சு சுவரில் பட்டுத் திரும்பி வரும். பார் நேரே முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. மின்விசிறி மூன்றில் ஓடினாலும் செய்தி புரிகிறது, முன்பு சத்தத்தை 30-ல் வைத்துக் கேட்டது இப்போது 14-ல் போதும். "3டி சரவுண்ட்" பட்டனை மட்டும் அணைத்தே வையுங்கள். அது நடுவில் நிற்க வேண்டிய குரலை இரு பக்கமும் இழுத்து மெலியவைத்துவிடும். கச்சேரி கேட்டால் தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக விழுகிறது. கனத்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியின் கனம் பாதிதான் வருகிறது. இரண்டேகால் அங்குல ஸ்பீக்கர் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றைத் தள்ளாது, அது இயற்பியல், அதற்காகக் கம்பெனியைத் திட்ட மாட்டேன். பேஸை +2-க்கு மேல் ஏற்றாதீர்கள். உள்ளே காலியாக இருக்கும் மர ஸ்டாண்டின் அறைக்குள் வைத்தால் ஸ்டாண்டே அதிர்ந்து குரலை மூடும். மேல் பலகையின் முன் விளிம்பில், அடியில் ரப்பர் பாதத்தோடு வையுங்கள். பின்னால் பேஸ் துளை இருந்தால் சுவரிலிருந்து 10 செ.மீ. விடுங்கள்.

100 வாட்ஸ் என்ற எண்ணை நம்ப வேண்டாம். அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 18 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 36 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால் இடைவிடாமல் 100 எங்கிருந்து வரும்? கடையில் இரண்டு பாரை ஒப்பிடும்போது அட்டையை விட்டுவிட்டு அடாப்டரைப் படியுங்கள்.

முதலில் பழுதாவதும் அந்த அடாப்டர்தான். சத்தத்தைக் கூட்டிப் பாட்டின் அடி விழும்போது பார் அணைந்து தானே எழுந்தால், அடாப்டரின் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். சும்மா மல்டிமீட்டர் வைத்தால் 18 காட்டி ஏமாற்றும், பார் ஓடும்போது அளக்க வேண்டும். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அல்லது கூடுதல், பின்னின் பருமனும் நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்பதும் பொருந்த வேண்டும். போர்டை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் வேறு அடாப்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு நல்லதைச் சொன்ன பிறகும், 4,999-க்கு இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலிக்கு அந்த விலை தாராளமாகத் தகும். ஆனால் வீட்டில் ஒரே ரிமோட் போதும் என்பவர்கள் இருந்தால், இந்த எட்டு விநாடி தினமும் உங்களையே எழுந்து வரச்சொல்லும். கடையில் வாங்குவதானால் டெமோ டி.வி.யோடு ஏ.ஆர்.சி.யில் இணைக்கச் சொல்லி, ஐந்து முறை டி.வி.யை அணைத்து ஆன் செய்யுங்கள். ஐந்து முறையும் பாரிலேயே சத்தம் வந்தால் பணத்தைக் கொடுங்கள்.