இரண்டாவது டைரக்டரி சர்வர் இருக்கிறது என்று நம்பி ஏமாந்தோம்

நெட்வொர்க் லாகினுக்கு, ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும்படி, பயனர் கணக்குகளை வைத்திருக்கும் இரண்டு டைரக்டரி சர்வர்கள் அமைக்கும் வேலையை வெளியாரிடம் கொடுத்திருப்பவர்கள், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு அமைத்துத் தந்தவர், ஒப்படைத்த நாளில் முதல் சர்வரின் டைரக்டரி மென்பொருளான ஓப்பன்எல்டாப் சேவையை நிறுத்திக் காட்டினார். மறுநொடியே, வைஃபை லாகினைச் சரிபார்க்கும் ஃப்ரீரேடியஸ் இரண்டாவது சர்வரிடம் போனது. அவருடைய சோதனைக் கணக்கு வைஃபைக்குள் நுழைந்தது. திருப்தியுடன் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து முதல் சர்வரின் டிஸ்க் பழுதானது. சேவை நிற்கவில்லை, உறைந்துபோனது. நின்ற சேவையாக இருந்தால் இணைப்பை இயங்குதளமே உடனே மறுத்துவிடும். உறைந்த சேவையிடம் இணைப்பு கிடைக்கும், பதில் வராது. பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தை அவர் 60 விநாடி என்று எழுதிவைத்திருந்தார். வைஃபை கருவிகள் சில விநாடிகளிலேயே கைவிட்டுவிட்டன. இரண்டாவது சர்வரிடம் கேள்வி போய்ச் சேர்வதற்குள் கேட்டவரே இல்லை. காலை முழுவதும் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை.

முதல் சர்வரை நானே அணைத்தேன். அதன் பிறகு தெரிந்ததுதான் இன்னும் மோசம். பழையவர்கள் நுழைந்தார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு "பயனர் இல்லை" என்றே வந்தது. இரண்டாவது சர்வரில் இருந்தது, நிறுவிய நாளில் ஒரே ஒருமுறை எடுத்துவைத்த நகல்! தொடர்ந்து ஒத்திசைக்கும் 'சிங்க்ரெப்ல்' பகுதி அமைப்புக் கோப்பில் எழுதப்படவே இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் பில் போட்டிருந்தார். சோதனைக் கணக்கு அந்த நகலுக்கு முன்பே உருவாக்கியது என்பதால் அன்று எதுவும் வெளியே தெரியவில்லை.

கேட்டதற்கு, "இரண்டு சர்வர் கேட்டீர்கள், இரண்டு சர்வர் இருக்கிறது" என்றார். இதற்குப் பெயர் ஏமாற்று.

உங்கள் முன்னால் சேவையை நிறுத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 'சிக்ஸ்டாப்' சமிக்ஞை அனுப்பி அதை உறையவைக்கச் சொல்லுங்கள். அதற்குச் சற்று முன் முதல் சர்வரில் நீங்களே ஒரு புதுக் கணக்கை உருவாக்கி, அதைக்கொண்டு நுழைந்து பாருங்கள். இரண்டு சர்வர்களிலும் கடைசி மாற்றத்தைக் காட்டும் 'கான்டெக்ஸ்ட்சிஎஸ்என்' மதிப்பு ஒன்றாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கை முதல் சர்வரில் நானே நீக்கியிருந்தேன். அன்று மாலை இரண்டாவது சர்வரில் தேடினேன். பழைய கடவுச்சொல்லோடு அப்படியே இருந்தது.